மொய்னாவா, ஆர்டீமியாவா, புழுவா? மீன்களுக்கு உயிர் உணவு வளர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

ஃபைட்டர் மீன் ஜோடி முட்டையிட்டுவிட்டது, நுரைக்கூட்டின் அடியில் குஞ்சுகள் தொங்குகின்றன, இனி என்ன கொடுப்பது? உயிர் உணவைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. கேட்பவர் கையில் இருப்பது இரண்டு மூன்று நாள் அவகாசம். குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சட்கரு தீர்ந்ததும் அதற்கு இரை வேண்டும். அந்த இரை வாய்க்குள் நுழையும் அளவில் இருக்க வேண்டும், கண்ணெதிரே அசையவும் வேண்டும். அரைத்துத் தூவிய தீவனம் அசைவதில்லை. குஞ்சு அதைக் கவனிக்காது. பொடி தரையில் படிந்து அழுகும். அழுகிய தண்ணீரில் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும்.

இன்னொரு பக்கம், வீட்டுத் தோட்டத்தில் சிமெண்ட் குளம் கட்டி கோய் என்ற அலங்காரக் கெண்டை வளர்ப்பவர்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. தீவனச் செலவைக் குறைக்க வேண்டும், மீனின் நிறமும் வளர்ச்சியும் நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்வதால்தான் குழப்பம் வளர்கிறது.

உணவின் புரதச் சதவீதத்தை ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கே பேசப்படும் எல்லாவற்றிலும் சத்து இருக்கிறது. வேறுபாடு இருப்பது இரண்டு இடங்களில்: குஞ்சின் வாய், உங்கள் வீட்டின் நடைமுறை. புதன்கிழமை செத்துப்போகும் வளர்ப்பில் எத்தனை சத்து இருந்தாலும் வியாழக்கிழமை குஞ்சு பட்டினிதான்.

## முதலில் அளவுகோல்கள்

வாய் அளவு. கப்பி, மோலி, பிளாட்டி போன்று குட்டி போடும் மீன்களின் குஞ்சுகள் பிறந்த அன்றே அரை மில்லிமீட்டர் இரையை விழுங்கும். ஏஞ்சல் குஞ்சு நீந்தத் தொடங்கியதும் விழுங்கும். ஃபைட்டர் குஞ்சில் பெரியவை விழுங்கும், சிறியவை திணறும். கௌராமி வகைகளின் குஞ்சுக்கு முதல் வாரம் அதைவிடப் பலமடங்கு சிறிய இரை தேவை.

தொடங்கிய நாளிலிருந்து கைக்குக் கிடைக்கும் நாள் வரை. உப்பு நீர்ப் பொடி இறாலான ஆர்டீமியா மறுநாளே கிடைக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் சில நாட்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். முட்டையிட்ட பிறகு மொய்னா என்ற பொடி நீர்த்தெள்ளுக்குத் தொட்டி வைக்கப் போவது காலம் கடந்த வேலை.

வெயில். மீன் வளர்ப்பு பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அறை வெப்பம் என்று அவர்கள் சொல்வது 20 டிகிரியை ஒட்டியது. சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டும். குளிர்நாட்டில் செழிக்கும் உயிர் இங்கே ஒரே பிற்பகலில் செத்து மிதக்கும்.

ஆளில்லாத நாட்கள். ஊருக்குப் போகும் நான்கு நாட்களில் எது தாங்கும் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நாற்றமும் பூச்சியும். ஒரு குடும்பம் வாழும் வீட்டில் இதைச் செய்கிறோம். சமையலறை அலமாரியில் புளித்த ஓட்ஸ் டப்பா இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதும் ஓர் அளவுகோல்தான்.

நோய். இரையோடு கிருமியும் ஒட்டுண்ணியும் வருமா, வராதா? வீட்டில் வளர்ப்பதற்கும் வெளியிலிருந்து அள்ளிவருவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

## ஒரே பார்வையில்

| உணவு | யாருக்கு | முதல் அறுவடை | தினசரி வேலை | கோடை வெயிலில் | முக்கியமான குறை |
|---|---|---|---|---|---|
| இன்ஃபுசோரியா | மிகச் சிறிய குஞ்சு | 4–7 நாள் | குறைவு | தாங்கும் | எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது |
| வினிகர் புழு | மிகச் சிறிய குஞ்சு | சில வாரங்கள் | அநேகமாக இல்லை | தாங்கும் | மெதுவாகப் பெருகும் |
| மைக்ரோவார்ம் | சிறிய குஞ்சு | 3–7 நாள் | குறைவு | சீக்கிரம் புளிக்கும் | நாற்றம், எறும்பு |
| ஆர்டீமியா | பெரும்பாலான குஞ்சுகள் | 24–36 மணி நேரம் | தினமும் | நிழலில் தாங்கும் | விலை, மின்சாரம், முட்டை ஓடு |
| மொய்னா | குஞ்சு முதல் சிறிய மீன் வரை | 5–10 நாள் | தினமும் சில நிமிடம் | நிழலில் நன்கு தாங்கும் | திடீரென அழியும் |
| கிரிண்டல் புழு | வளர்ந்த குஞ்சு, சிறிய மீன் | 3–4 வாரம் | குறைவு | திணறும் | கொழுப்பு அதிகம், எறும்பு |
| மண்புழு | பெரிய மீன், குளம் | தொட்டி நிலைபெற 2–3 மாதம் | வாரம் ஓரிரு முறை | நிழலில் தாங்கும் | சில வகையை மீன் துப்பிவிடும் |

## ஆர்டீமியா: சொன்ன நேரத்தில் கிடைப்பது

ஆர்டீமியா உப்பு நீரில் வாழும் சிறிய இறால் இனம். அதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். உப்பு நீரில் போட்டதும் விழிக்கும். கடைகளில் டின்னில் கிடைக்கும் முட்டைகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரி போன்ற இடங்களில் அள்ளப்பட்டு வருபவை. நம்முடைய தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. மீன்குஞ்சுகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று 1930களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் குஞ்சு வளர்ப்பில் மற்ற உணவுகளை இதோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

பொரிக்கும் முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 35 கிராம் கல்லுப்பு. அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, காற்றுக் குழாயை அதன் ஆழமான இடம்வரை இறக்கி, முட்டைகள் படியாமல் சுழலும்படி ஏர் பம்ப்பை ஓட்டுங்கள். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் முட்டை போதும். மேலே ஒரு விளக்கு எரியட்டும். முட்டை விழிப்பதற்குத் தொடக்கத்தில் வெளிச்சம் வேண்டும். 28 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும்.

பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் பழுப்பு நிற ஓடுகள் மேலே மிதக்கும். பொரியாத முட்டைகள் அடியில் தங்கும். அடிப்பகுதியின் பக்கவாட்டில் ஒரு டார்ச்சைப் பிடித்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் துடித்துக்கொண்டே வெளிச்சத்தை நோக்கித் திரளும். அந்த மேகத்தை மட்டும் மெல்லிய குழாயால் இழுத்து, நெருக்கமாக நெய்த துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். கொடுத்த சில நிமிடங்களில் ஏஞ்சல் குஞ்சின் கண்ணாடி போன்ற வயிறு ஆரஞ்சாக உப்பியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். தின்றதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. வேறு எந்த உணவும் இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்வதில்லை.

டின்னின் விலை எல்லோருக்கும் தெரிந்த செலவு. தெரியாத செலவுகள் வேறு. முதலாவது, பொரிப்பு விகிதம். மலிவு டின்னில் பாதி பொரியவில்லை என்றால் உங்கள் செலவு இருமடங்கு ஆகிவிட்டது என்று பொருள். திறந்த டின் ஈரக்காற்றை உறிஞ்சினால் நல்ல தரத்து முட்டையும் கெடும். கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். தேவையானதைச் சிறு குப்பியில் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். நடு இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால் முட்டைகள் அடியில் குவிந்து மூச்சுமுட்டும். மின்வெட்டு வழக்கமான பகுதியில் மின்கலத்தில் ஓடும் சிறு பம்ப் ஒன்று தேவை. அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஓடு. வடிக்கும்போது ஓடுகள் கலந்துவிட்டால் குஞ்சுகள் அவற்றையும் விழுங்கும். அவை செரிப்பதில்லை, குடலை அடைத்துக்கொள்ளும். ஓடு நீக்கிய முட்டையும் விற்கிறார்கள், விலை கூடுதல்.

நேரமும் முக்கியம். பொரிந்த புதிதில் ஆர்டீமியாவின் உடலில் மஞ்சட்கரு இருக்கிறது. அதுதான் குஞ்சுக்குப் போகும் சத்து. சில மணி நேரத்தில் அது முதல் தோலை உரித்து, தன் சேமிப்பைத் தானே கரைக்கத் தொடங்கிவிடும். காலையில் பொரிந்ததை இரவில் கொடுத்தால் சத்து குறைந்திருக்கும். நல்ல தண்ணீரில் அது சில மணி நேரமே உயிரோடு இருக்கும் என்பதால், தொட்டியில் மிச்சமாகும் அளவுக்குக் கொட்டவும் கூடாது.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் குஞ்சு பொரிக்கவைப்பவர்களுக்கும், இத்தனை மணிக்கு இத்தனை குஞ்சுக்கு உணவு வேண்டும் என்று திட்டமிட்டு வேலை செய்பவர்களுக்கும் ஆர்டீமியாதான் சரி. மாதம் முழுவதும் இதை மட்டுமே கொடுத்து வளர்ப்பது கைக்காசைக் கரைக்கும்.

## மொய்னா: நம் வெயிலுக்கு ஏற்றது

ஒரே ஒரு வளர்ப்பைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் மொய்னாவைத்தான் சொல்வேன். காரணம் வெயில்.

மீன் வளர்ப்புக் குறிப்புகளில் அதிகம் புகழப்படுவது டாப்னியா என்ற நீர்த்தெள்ளு. அது 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் செழிப்பது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அருமையாக வளரும். சமவெளியில் மார்கழி, தையில் தலைதூக்கிப் பங்குனியில் காணாமல் போகும். மொய்னா அதன் சிறிய உறவு. 24 முதல் 31 டிகிரி வரை அதற்கு மிகவும் பிடித்த வெப்பம். பிறந்த நான்கு முதல் ஏழு நாட்களில் தானே குட்டி போடத் தொடங்குகிறது. அதன் பின் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அடுத்த ஈற்று. நிலைமை நன்றாக இருக்கும்வரை ஆணே தேவையில்லை, பெண்களே பெண்களைப் பெற்றுக்கொண்டிருக்கும். புதிதாய்ப் பிறந்த மொய்னா ஏறக்குறைய ஆர்டீமியாக் குஞ்சின் அளவு, வளர்ந்தது ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. ஆகவே ஒரே தொட்டியிலிருந்து பொடிக்குஞ்சுக்கும் வளர்ந்த டெட்ரா மீனுக்கும் இரை எடுக்கலாம். நல்ல தண்ணீர் உயிர் என்பதால் தின்னாமல் மிஞ்சியது சாகாது. மீன் பசித்தபோது தின்னும்.

ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். குளோரின் சிறிதளவு இருந்தாலும் மொய்னா தாங்காது. உணவாக வெயிலில் பச்சை பிடித்த தண்ணீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றலாம். ஊறவைத்து வடிகட்டிய கடலைப் புண்ணாக்குத் தண்ணீரையும் பலர் பயன்படுத்துகிறார்கள். கெண்டை மீன் நாற்றங்கால் குளங்களில் குஞ்சுகளை விடுமுன் சாணமும் புண்ணாக்கும் போட்டு நுண்ணுயிர்களைப் பெருக்கும் பழைய முறையின் சிறிய வடிவம்தான் இது.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் வளர்ப்பின் ஆயுள் இருக்கிறது. இன்று ஊற்றியதும் தண்ணீர் லேசாகக் கலங்க வேண்டும், நாளை இந்நேரம் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை என்றால் நாளைக்கு உணவு இல்லை. பசியால் அழிந்த மொய்னா தொட்டிகளைவிட, பாசத்தால் அதிகம் ஊற்றி அழிந்தவையே மிகுதி.

தினமும் காலையில் தொட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நிறமும் நடையும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நலமான மொய்னா வெளிறிய நிறத்தில், தண்ணீரின் எல்லா ஆழத்திலும் துள்ளித் துள்ளி நகரும். இளஞ்சிவப்பாக மாறி மேற்பரப்பில் அப்பிக்கொண்டிருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. மூச்சுக்காக அவை தங்கள் உடலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. சில மொய்னாக்களின் முதுகில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அது உறங்குமுட்டை. நெருக்கமோ பட்டினியோ கெட்ட தண்ணீரோ வந்துவிட்டது, இனி குட்டிக்குப் பதில் முட்டையை விட்டுவிட்டுச் சாகத் தயாராகின்றன என்று அர்த்தம். அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, தாராளமாக அறுவடை செய்யுங்கள். நல்ல நாட்களிலும் தினம் நான்கில் ஒரு பங்கு வரை எடுப்பது வளர்ப்புக்கே நல்லது. எடுக்காமல் சேர்த்தால் நெருக்கத்தில் அழியும்.

மொய்னாவுக்குக் கொடுக்கும் பணம் சில ரூபாய்தான், ஆனால் அது கேட்கும் கவனம் பெரிது. எவ்வளவு தேர்ந்தவர் வீட்டிலும் தொட்டி ஒருநாள் திடீரென அழியும். அதனால் ஒன்றுக்குப் பதில் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் சில நாள் இடைவெளியில் தொடங்கியவையாக இருக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி எடுத்துவைப்பதுபோல, ஒரு பாட்டில் மொய்னா எப்போதும் தனியே இருக்கட்டும்.

இன்னொரு பகை, பூச்சிக்கொல்லி. கொசுவத்தியின் புகை, சுவரில் செருகும் கொசுவிரட்டித் திரவம், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மொய்னா இனத்துக்குக் கடும் விஷம். தெருவில் கொசு மருந்துப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் முதலில் தொட்டியை மூடுங்கள். மீன் நோய்க்குப் பயன்படும் செம்பு கலந்த மருந்தும் அப்படித்தான். மருந்திட்ட தொட்டியில் நனைத்த வலையை மொய்னா தொட்டியில் வைக்கவே கூடாது.

தொட்டியின் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டாமல் விட்டால் கொசு முட்டையிடும், தட்டான் முட்டையிடும். தட்டானின் புழு குஞ்சு மீனைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த தொட்டி நிரம்பி வழிந்தால் மொத்த வளர்ப்பும் சாக்கடையில் போய்விடும் என்பதால் தாழ்வாரத்துக்குள் இடம் பார்ப்பது நல்லது.

வாரம் தவறாமல் குஞ்சு எடுப்பவர், மாடியிலோ முற்றத்திலோ நிழலான ஓரம் உள்ளவர், காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடிபவர், இவர்களுக்கு மொய்னா. அடுக்ககத்தில் பால்கனிகூட இல்லாமல், வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவருக்கு அல்ல.

## மிகச் சிறிய வாய்க்கு: மூன்று வழிகள்

கௌராமி, சிறிய ராஸ்போரா, ஃபைட்டரின் சிறிய குஞ்சுகள், இவற்றுக்கு முதல் சில நாட்கள் ஆர்டீமியாவும் மொய்னாவும் பெரிது.

இன்ஃபுசோரியா என்பது ஒரே உயிர் அல்ல. பரமீசியம் போன்ற பல நுண்ணுயிர்களின் கலவை. முட்டைக்கோஸ் இலையோ வாழைப்பழத் தோலோ வைக்கோலோ, பழைய மீன் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் முதலில் பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால்போல் கலங்கும், நாறும். இந்தக் கட்டத்தில் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. குஞ்சுக்குக் கிடைப்பது அழுகல் மட்டுமே. பாக்டீரியாவைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகியபின் தண்ணீர் தெளியும், நாற்றம் குறையும். அதற்கு நான்கைந்து நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசு தானாக நகர்வது போன்ற மெல்லிய அசைவு தெரியும். செலவு ஏதும் இல்லை. ஆனால் எத்தனை குஞ்சுக்கு இது போதும் என்று அளந்து சொல்ல வழியில்லை. அதனால் இதை முழுவதும் நம்பிப் பெரிய ஈற்றை வளர்ப்பது ஆபத்து.

வினிகர் புழு எனக்கு மிகவும் பிடித்தது. நம்மிடையே அதிகம் பேசப்படாததும்கூட. ஆப்பிள் சிடர் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு துண்டு ஆப்பிள், ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்து வாங்கிய கொஞ்சம் தாய்ப்புழு. அவ்வளவுதான். பல மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் உயிரோடு இருக்கும். புளிப்பு அதிகம் என்பதால் வேறு உயிர்கள் உள்ளே நுழைந்து கெடுப்பதில்லை. எடுக்க, நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்தின் அடிவரை வளர்ப்பை ஊற்றி, பஞ்சு அடைத்து, அதன் மேல் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். காற்றைத் தேடிப் புழுக்கள் பஞ்சைத் தாண்டி மேலே வந்துவிடும். மறுநாள் சொட்டுக் குழாயால் எடுக்கலாம். நல்ல தண்ணீரில் நாட்கணக்கில் உயிரோடு நீந்தும், அதுவும் நடு ஆழத்திலும் மேற்பரப்பிலும். ஃபைட்டர், கௌராமி குஞ்சுகள் இருக்கும் இடமும் அதுதான். குறை, மெதுவாகத்தான் பெருகும். தேவைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

மைக்ரோவார்ம் வேகமானது. வேகவைத்த ஓட்ஸ் அல்லது கெட்டியான கோதுமைக் கஞ்சியின் மேல் சிட்டிகை ஈஸ்ட் தூவித் தாய்ப்புழுவை விட்டால், ஒரு வாரத்துக்குள் டப்பாச் சுவரில் வெள்ளைப் பின்னல் போல ஏறும். விரலால் வழித்துக் கொடுக்கலாம். ஆனால் தண்ணீரில் போட்டதும் அடியில் மூழ்கிவிடும். தரையில் மேயும் கோரிடோரஸ் குஞ்சுக்கு நல்லது, மேலே திரியும் குஞ்சுக்குப் பாதி வீண். நம் வெயிலில் இரண்டு வாரத்தில் புளித்து நாறத் தொடங்கும். அதற்குள் புதிய டப்பாவுக்கு மாற்ற வேண்டும். எறும்பு கண்டுபிடித்தால் ஒரே இரவில் காலி. தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே டப்பாவை வையுங்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் வினிகர் புழு. அவசரம் என்றால் மைக்ரோவார்ம்.

## வளர்ந்த மீனுக்கும் குளத்துக்கும்

கிரிண்டல் புழு அரை அங்குலத்துக்குள் நீளமுள்ள வெள்ளைப் புழு. அலசிய தென்னை நார்க்கழிவில் வளரும், ஓட்ஸ் தின்னும். முட்டையிடத் தயாராகும் ஜோடிக்குக் கொடுத்தால் சீக்கிரம் உடம்பு பிடிக்கும். கொழுப்பு மிகுதி என்பதால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். சித்திரை, வைகாசியில் வீட்டின் குளிர்ந்த மூலையைத் தேடிக் கொடுக்காவிட்டால் வளர்ப்பு சுருங்கிவிடும். இதன் பெரிய உறவான வெள்ளைப்புழு இன்னும் குளிர்ச்சி கேட்பது. சமவெளியில் அதை முயல வேண்டாம்.

மண்புழு குளத்துக்காரர்களுக்கு முதல் தேர்வு. காய்கறிக் கழிவு, உலர்ந்த சாணம், நிழல், ஈரம் இருந்தால் போதும், தோட்டத்துக்கு உரமும் கிடைக்கும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். மண்புழு உரப் பண்ணைகளில் கிடைக்கும் சிவப்பு மண்புழு, ஐசீனியா ஃபெடிடா என்ற இனம், தொட்டதும் நாற்றமுள்ள மஞ்சள் திரவத்தைக் கக்கும். மீன் வாயில் வாங்கித் துப்பிவிடும். உடம்பு தடித்த ஆப்பிரிக்க மண்புழு, யூட்ரிலஸ் இனம், அந்தத் தொல்லை இல்லாதது, வெப்பத்தையும் விரும்புவது. இரண்டும் அதே பண்ணைகளில்தான் விற்கின்றன. கேட்டு வாங்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்து மண்ணிலிருந்து தோண்டிய புழுவை ஒருபோதும் போடாதீர்கள். கொடுக்குமுன் ஒரு நாள் ஈரத் துணியில் வைத்தால் வயிற்று மண் வெளியேறிவிடும்.

பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின் புழுவைக் கோழிப் பண்ணைக்காரர்கள் சமையல் கழிவில் வளர்க்கிறார்கள். பெரிய கோய்களும் விரும்பித் தின்னும். கழிவு அதிகம் சேரும், வீட்டிலிருந்து தள்ளி இடம் உள்ள தோட்டங்களுக்கு அது பொருந்தும்; வாசலோரக் குளத்துக்குப் பொருந்தாது.

## டியூபிஃபெக்ஸும் கொசுப்புழுவும்

கடைகளில் சிவப்பு நூல் பந்துபோல் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் மலிவானது, எந்த மீனும் பாய்ந்து தின்னும். அது வாழும் இடம் கழிவுநீர் கால்வாய்களின் சேறு. அந்தச் சேற்றில் உள்ள கன உலோகங்களும் கிருமிகளும் அதன் உடம்பில் சேர்கின்றன. மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகள் தங்கள் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கழிப்பதே இந்தப் புழுவுக்குள்தான். சொட்டு நீரில் நாட்கணக்கில் கழுவினால் மேலே ஒட்டிய அழுக்கு போகும், உள்ளே இருப்பது போகாது. சென்னையின் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் வளர்ப்புப் பகுதிகளில் இது பல காலமாகப் புழக்கத்தில் இருப்பதைப் பலர் சுட்டிக்காட்டுவார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் வளர்த்து, இழப்பையும் கணக்கில் வைத்து விற்கிறார்கள். உங்கள் தொட்டியில் இருப்பது ஒரே ஜோடி. அதற்கு இந்தச் சூதாட்டம் தேவையில்லை.

கொசுப்புழுவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது அருமையான இரை, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்களில் தெளிந்த நீரில் வளரும் புழு டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுடையதாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும். இரண்டு நாள் அறுவடையைத் தவறவிட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். உள்ளாட்சிப் பணியாளர்கள் பார்த்தால் அபராதமும் உண்டு. குளத்தில் கொசு தானாக முட்டையிட்டு மீன் தின்றால் நல்லதே. அதற்கென்று ஒரு வாளி வைப்பது வேண்டாம்.

## யாருக்கு எது

இன்று குஞ்சு பொரித்துவிட்டது, கையில் எந்த வளர்ப்பும் இல்லை. ஆர்டீமியா டின் வாங்கி இன்றிரவே பொரிக்கவையுங்கள். வாய் சிறிய இனம் என்றால், பாசி படிந்த பழைய தொட்டியின் பஞ்சு வடிகட்டியைக் குஞ்சுத் தொட்டிக்குள் மெல்லப் பிழிந்துவிடுங்கள். அதில் ஓரளவு நுண்ணுயிர்கள் இருக்கும். யாரிடமாவது மைக்ரோவார்ம் டப்பா கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

கப்பி, மோலி மட்டும் வளர்க்கும் பள்ளி மாணவர். மொய்னா ஒரு தொட்டி போதும். அழிந்தாலும் இந்தக் குஞ்சுகள் நன்றாக நுணுக்கிய தீவனத்தில் தப்பிவிடும். ஆர்டீமியாவுக்குச் செலவு செய்யத் தேவையே இல்லை.

ஃபைட்டர், ஏஞ்சல் என்று முறையாக ஈற்றெடுத்து விற்பவர். வினிகர் புழு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். முதல் பத்து நாள் ஆர்டீமியா, அதன் பின் படிப்படியாக மொய்னா. ஜோடியைச் சேர்க்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே மொய்னா தொட்டிகளைத் தொடங்கினால், ஆர்டீமியாவை நிறுத்தும்போது மொய்னா பொங்கிக்கொண்டிருக்கும். டின் செலவு பெருமளவு குறைவது இந்த இணைப்பால்தான்.

அடுக்ககம், பால்கனி இல்லை, வீட்டில் நாற்றம் ஆகாது. வினிகர் புழுவும் ஆர்டீமியாவும். இரண்டும் ஒரு புத்தக அலமாரித் தட்டில் அடங்கும்.

கோய், தங்கமீன் குளம். மண்புழுத் தொட்டி நிரந்தரமாக, ஓரத்தில் நிழலில் பெரிய மொய்னா தொட்டி ஒன்று. வசந்த கால ஈற்று வந்தால் மொய்னா குஞ்சுக்குப் போகும், வராத மாதங்களில் குளத்துக்கே போகும். பெரிய கோய்க்குத் தரமான தீவனமே முக்கிய உணவாக இருக்கட்டும். மண்புழு வாரத்துக்கு ஓரிரு நாள் போதும்.

அடிக்கடி ஊருக்குப் போகிறவர். நான்கு நாளுக்கு வினிகர் புழுவும் மண்புழுவும் எந்தக் கவனிப்பும் கேட்காது. மொய்னா தொட்டியைப் புறப்படும் நாளன்று பாதிக்கு மேல் அறுவடை செய்து மீனுக்குக் கொடுத்துவிட்டு, ஈஸ்டுக்குப் பதில் பச்சைத் தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்துச் செல்லுங்கள். பச்சைத் தண்ணீர் உயிருள்ள பாசி என்பதால் ஈஸ்டைப்போல் அழுகாது, நெருக்கமும் குறைந்திருக்கும். குஞ்சு பத்து நாளைத் தாண்டாத நிலையில் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அல்லது காலையும் மாலையும் ஒரு சொட்டுக்குழாய் வினிகர் புழு விடத் தெரிந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.